டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கார்ட்டூனில் அந்த ஆறு பிள்ளைகள் கடைசியில் வீடு திரும்பினார்களா?

கேள்வி இது: 1980களில் அமெரிக்காவில் சனிக்கிழமை காலை வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கார்ட்டூனில் ஆறு பிள்ளைகள் வேறொரு உலகத்தில் மாட்டிக்கொள்கிறார்களே, அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா? அவர்கள் முதல் காட்சியிலேயே விபத்தில் செத்துவிட்டார்கள், அந்த உலகம் உண்மையில் நரகம், அதனால்தான் கடைசி எபிசோடை ஒளிபரப்பாமல் மறைத்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள், அது உண்மையா?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். வீடு போய்ச் சேரவில்லை. சாகவும் இல்லை. மறைத்துவைத்த எபிசோட் என்று எதுவும் கிடையாது. ஆனால் எழுதி முடித்து, எடுக்காமலே விட்ட ஒரு எபிசோட் உண்டு. அதைப் பற்றியும், அது ஏன் எடுக்கப்படவில்லை என்பதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது, அவசரமில்லாதவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். ஆறு பிள்ளைகள் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர் எழுதிய ராட்டினம் மாதிரியான ஒரு வண்டியில் ஏறுகிறார்கள். வண்டி நடுவழியில் வேறொரு உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இறங்கிப் பார்த்தால் ஆளுக்கொரு வேஷம் போட்டிருக்கிறது, எதிரே ஐந்து தலை டிராகன் டியாமாட், பக்கவாட்டில் ஒற்றைக் கொம்போடு வில்லன் வெஞ்சர். குள்ளமாக, வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் தோன்றி ஆளுக்கொரு ஆயுதம் கொடுக்கிறார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். ஹாங்க்குக்கு ஒளி அம்பு விடும் வில், எரிக்குக்குக் கேடயம், டயானாவுக்கு நீளும் கோல், பிரெஸ்டோவுக்கு மந்திரத் தொப்பி, ஷீலாவுக்கு ஆளை மறைக்கும் போர்வை, எட்டு வயதுப் பொடியன் பாபிக்குத் தடி. கூடவே யூனி என்ற குட்டி யூனிகார்ன். இது எல்லாமே தொடக்கப் பாட்டு ஓடும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் எபிசோடில் கூட இதை விரிவாகக் காட்டவில்லை, அங்கே பிள்ளைகள் ஏற்கனவே காட்டுக்குள் அலைந்துகொண்டிருப்பார்கள்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரே கதைதான். டன்ஜன் மாஸ்டர் எங்கிருந்தோ தோன்றி ஒரு விடுகதை போடுவார், எல்லோரும் யோசித்து நிமிர்வதற்குள் மறைந்துவிடுவார். அந்த விடுகதையைப் பிடித்துக்கொண்டு போனால் வீட்டுக்கு ஒரு வாசல் கிடைக்கும், வெஞ்சர் வருவான், யாரையாவது காப்பாற்ற வேண்டி வரும், வாசல் மூடிக்கொள்ளும். அடுத்த வாரம் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். முதல் சீசனில் 'தி பாக்ஸ்' என்ற எபிசோடில் பூங்காவுக்கே வந்துவிடுகிறார்கள், வெஞ்சர் பின்னாலேயே வருகிறான், திரும்பவும் அந்த உலகத்துக்கே போக வேண்டியதாகிவிடுகிறது. சின்ன வயதில் இதைப் பார்த்தவர்கள் அந்த எபிசோடை இன்னும் மன்னிக்கவில்லை.

இனி கணக்கு. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் முதல் எபிசோட் 1983 செப்டம்பர் 17 அன்று வந்தது. கடைசியாக வந்த புது எபிசோட் 1985 டிசம்பர் 7. மூன்று சீசன், மொத்தம் 27 எபிசோட். சீசன் வாரியாகப் பிரித்தால் 13, 8, 6. இந்த மூன்று எண்களில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

அமெரிக்காவில் அன்றைக்கு ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. என்று மூன்றே பெரிய நெட்வொர்க்குகள். சனிக்கிழமை காலை அப்பா அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் ஒரு கிண்ணம் சீரியலோடு, அதாவது பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய உணவோடு, டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். அந்தச் சில மணி நேரம் முழுக்கப் பிள்ளைகள் மட்டுமே பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் சீரியல் கம்பெனிகளும் பொம்மைக் கம்பெனிகளும் விளம்பரத்துக்கு வரிசையில் நின்றன. நெட்வொர்க்குகள் ஒரு புதுத் தொடருக்குப் பொதுவாக 13 எபிசோட் ஆர்டர் கொடுக்கும். 13-ஐ நாலு சுற்று ஓட்டினால் 52 வாரம், ஒரு வருஷம் கழிந்தது. பிள்ளைகள் பார்த்ததையே திரும்பப் பார்க்கச் சலிக்காதவர்கள், அந்த நம்பிக்கையில் நடந்த வியாபாரம். அடுத்த வருஷமும் தொடர் ஓட வேண்டும் என்றால் இன்னொரு 13 தேவையில்லை, எட்டு புதிது போதும், மிச்சத்தைப் பழையதோடு கலந்து ஓட்டிக்கொள்ளலாம். அதற்கடுத்த வருஷம் ஆறு போதும். அதற்கும் அடுத்த வருஷம் புதிதே வேண்டாம் என்று முடிவு செய்தால், யாரும் எதையும் அறிவிக்கப் போவதில்லை, தொடர் அப்படியே பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1984 நவம்பரில் ஒரு சனிக்கிழமை புது எபிசோட், அடுத்த சனிக்கிழமை போன வருஷத்து எபிசோட் என்று ஓடுகிற தொடரில் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போக முடியும்? போய்விட்டால் அடுத்த வாரம் மறுஒளிபரப்பில் மறுபடி காட்டுக்குள் நின்றுகொண்டிருப்பார்களே. அதனால்தான் கதையின் தொடக்கத்தைப் பாட்டுக்குள் அடைத்துவைத்தார்கள். எந்த எபிசோடை எந்த வாரம் போட்டாலும் புதிதாக உட்காரும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிய வேண்டும். தொடக்கத்தையே எபிசோடாக எடுக்காதவர்கள் முடிவை எங்கே எடுக்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை கார்ட்டூன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஒரு நாள் காணாமல் போயின. இதே 1983-ல் ஏ.பி.சி.யில் ரூபிக் க்யூபை நாயகனாக வைத்து ஒரு கார்ட்டூன் வந்தது, ஆமாம், அந்த வண்ணக் கட்டத்துக்கே கண்ணும் வாயும் வைத்துப் பறக்கவிட்டார்கள். ஒரே சீசன், போயேபோச்சு. அதற்கு என்ன முடிவு என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் பற்றி நாற்பது வருஷம் கழித்தும் கேட்கிறார்கள் என்றால், அது வீட்டுக்குப் போகத் தவிக்கிற பிள்ளைகளின் கதை என்பதால்தான். பிள்ளைகளைத் தொலைத்த கதையை எந்த ஊரிலும் பாதியில் விடமாட்டார்கள்.

தயாரிப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதலில் ஒரு விளையாட்டு, 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே கதை சொல்லி ஆடுவது, கதையை நடத்துகிறவருக்குப் பெயர்தான் டன்ஜன் மாஸ்டர். அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். கம்பெனி விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரில் இருந்தது. கைகாக்ஸ் ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்து, மார்வெல் புரொடக்‌ஷன்ஸோடு சேர்ந்து இந்தக் கார்ட்டூனைக் கொண்டுவந்தார். படம் வரைந்தது ஜப்பானின் டோய் ஸ்டூடியோ, அதனால்தான் அந்தக் காலத்து மற்ற சனிக்கிழமைச் சரக்கோடு ஒப்பிட்டால் இதில் வானமும் பாழடைந்த கோட்டைகளும் அவ்வளவு அழகாக இருக்கும். வெஞ்சருக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன் அடுத்த வருஷமே டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஆப்டிமஸ் பிரைம் ஆனார், அதே தொண்டையில் இருந்து ஒரு வில்லனும் ஒரு நாயகனும். பாபி பார்பேரியன், எரிக் கவாலியர், டயானா அக்ரோபாட் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் இருக்கும். இந்த மூன்றும் ஆடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் பாத்திர வகைகளாகக் கைகாக்ஸின் விதிப் புத்தகத்தில் ஏறியதே 1985-ல்தான், கார்ட்டூன் முந்திக்கொண்டது. விளையாடுகிறவர்களுக்கு மட்டும் பிடிக்கிற தகவல், போகட்டும்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது எரிக்கைப் பற்றி.

எரிக் பணக்கார வீட்டுப் பையன். வாய் ஓயாது. எங்கே போனாலும் குறை, எதைச் செய்தாலும் எதிர்ப்பு, ஆபத்து என்றால் கடைசியில் நிற்பான், கேலி பண்ணுவதில் மட்டும் முதலில். ஒவ்வொரு எபிசோடிலும் அவன் மூக்கு உடையும். சேற்றில் விழுவான், கழுதைக் காது முளைக்காத குறை. ஒரு எபிசோடில் பாக்பீஸ்ட் என்ற அசிங்கமான மிருகமாகவே மாறிப்போவான். மற்ற ஐந்து பேரும் ஒரு முடிவு எடுத்து, எரிக் மட்டும் வேண்டாம் என்றால், எரிக் சொன்னது தப்பு என்று நிரூபித்துத்தான் கதை முடியும்.

இது எழுத்தாளரின் யோசனை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இந்தத் தொடருக்கு ஆரம்ப வடிவம் கொடுத்தவர் மார்க் எவனியர். பின்னாளில் அவரே இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். பிள்ளைகள் நிகழ்ச்சிகள் மேல் அன்றைக்குப் பெற்றோர் அமைப்புகளின் அழுத்தம் அதிகம். வெறும் சண்டையும் சிரிப்பும் போதாது, சமூகத்துக்கு நல்லது சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். நெட்வொர்க்குகள் ஆலோசகர்களைக் கூப்பிட்டன. அந்த ஆலோசகர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நல்லது என்று கண்டுபிடித்தது இதுதான்: கூட்டம் எடுக்கும் முடிவு எப்போதும் சரி, அதற்கு மறுப்புச் சொல்கிறவன் எப்போதும் தப்பு. அந்தப் பாடத்தைச் சுமக்கத்தான் எரிக். எவனியருக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை, இப்படி ஒரு பாடத்தையா பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என்று நொந்துகொண்டார், ஆனாலும் எழுத வேண்டியிருந்தது.

இது தெரிந்த பிறகு மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிற ஒரே ஆள் எரிக்தான். "வழி தெரியும் என்றால் நேராகச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே, எதற்கு விடுகதை?" என்கிற ரீதியில் டன்ஜன் மாஸ்டரிடம் அவன் எகிறும்போதெல்லாம் எனக்குக் கை தட்டத் தோன்றும். முன்பின் தெரியாத ஒரு பெரியவர், எட்டு வயதுப் பையன் கையில் தடியைக் கொடுத்து அரக்கர்களுக்கு நடுவே அனுப்புகிறார், வீட்டுக்கு வழி கேட்டால் புதிர் போட்டுவிட்டு மறைகிறார், அவர்மேல் சந்தேகம் வருவது குற்றமா? மற்ற ஐந்து பேருக்கும் வராததுதான் ஆச்சரியம். இரண்டாவது சீசனில் மாஸ்டர் தன் சக்தியையே எரிக்கிடம் கொடுத்துப் பார்க்கிற ஒரு எபிசோட் வரும். முதலில் சொதப்புவான், அப்புறம் மற்றவர்களுக்காகத் தன்னையே பணயம் வைப்பான். எழுத்தாளர்களுக்கும் அவன்மேல் ஒரு ஓரத்தில் பாசம் இருந்திருக்கிறது, ஆலோசகர் அசந்த நேரம் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அதே கண்காணிப்பு ஆயுதங்கள் மேலும் உண்டு. கவனித்துப் பாருங்கள், ஹாங்க்கின் அம்பு பெரும்பாலும் கயிறு மாதிரி சுற்றிக் கட்டும், இல்லையென்றால் விளக்காக எரியும், யார் உடம்பிலும் பாய்வதில்லை. பாபியின் தடி தரையை அடிக்கும், பாறையை உடைக்கும், ஒரு மண்டையையும் உடைக்காது. மிச்ச ஆயுதங்கள் தடுக்க, ஒளிய, தாவ. பிரெஸ்டோவின் தொப்பியில் என்ன வரும் என்று பிரெஸ்டோவுக்கே தெரியாது.

இந்த நிலைமையில் 1984-ல் மைக்கேல் ரீவ்ஸ் 'தி டிராகன்ஸ் கிரேவ்யார்ட்' என்று ஒரு எபிசோட் எழுதினார். பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் வாசலை அடைக்கிறவன் வெஞ்சர்தானே, அவனையே தீர்த்துக் கட்டிவிட்டால் என்ன என்று பேசிக்கொள்கிறார்கள். சனிக்கிழமை காலையில், சீரியல் விளம்பரத்துக்கு நடுவில், கொலை பற்றிய ஆலோசனை! அந்த எபிசோடைக் கைவிடுகிற அளவுக்கு விஷயம் போனது. எப்படியோ தப்பி ஒளிபரப்பானது. டிராகன்களின் இடுகாட்டில் ஆயுதங்களுக்குப் பலம் கூடுகிறது, வெஞ்சர் தோற்று ஹாங்க்கின் வில்லுக்கு முன்னால் நிற்கிறான், ஹாங்க் விட்டுவிடுகிறான். அந்த எபிசோடில்தான் டன்ஜன் மாஸ்டர் வாயிலிருந்து வெஞ்சரைப் பற்றி 'மகன்' என்ற சொல் வருகிறது. ஒரே ஒரு சொல், விளக்கம் எதுவும் இல்லை. அதுவரை விடுகதைக் கிழவராக இருந்தவர் அந்த இடத்தில் ஒரு தகப்பனாகத் தெரிவார்.

வெளியே நிலவரம் இன்னும் மோசம். அந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகிறது, தற்கொலைக்குத் தள்ளுகிறது என்று அமெரிக்காவில் ஒரு பெரிய பீதி கிளம்பியிருந்த காலம் அது. 1985-ல் தொலைக்காட்சி வன்முறைக்கு எதிரான தேசியக் கூட்டணி என்ற அமைப்பு, இந்தக் கார்ட்டூன் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு தடவையும், இந்த விளையாட்டுக்கும் நிஜ மரணங்களுக்கும் தொடர்பு உண்டு என்ற எச்சரிக்கையைக் காட்ட வைக்க வேண்டும் என்று அரசு ஆணையத்திடம் கேட்டது. நம் சிகரெட் அட்டை எச்சரிக்கை மாதிரி. ஒருத்தன் மண்டையும் உடையாத கார்ட்டூனுக்கு! தொடர் நின்றதற்கு இந்தப் பீதிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். 13, 8, 6 என்று இறங்கிய வரிசையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சனிக்கிழமைத் தொடர்கள் எல்லாமே அந்தப் படிக்கட்டில்தான் இறங்கின. தவிர, போட்டி வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 1983-லேயே ஹீ-மேன் 65 எபிசோடோடு வார நாள் மாலைகளில் வர ஆரம்பித்துவிட்டான். வாரத்துக்கு ஐந்து நாள், 13 வாரம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் கார்ட்டூன் என்றானபோது சனிக்கிழமைக்கு இருந்த மவுசு மெல்லக் கரைய ஆரம்பித்தது. அது முழுசாகக் கரைய இன்னும் முப்பது வருஷம் பிடித்தது, அது வேறு கதை.

சரி, எடுக்காத எபிசோட்.

மூன்றாவது சீசன் முடிவுக்காக ரீவ்ஸ் 'ரெக்வியம்' என்ற ஸ்கிரிப்டை எழுதினார். சுருக்கமாகச் சொல்கிறேன், முழுக்கத் தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். டன்ஜன் மாஸ்டர் பிள்ளைகளை ஆபத்தில் விட்டுவிட்டு உதவ மறுக்கிறார். அந்த நேரம் பார்த்து வெஞ்சர் வந்து ஒரு பேரம் பேசுகிறான்: ஒரு சாவி இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துப் பாதாளத்தில் வீசிவிட்டால் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நம்பலாமா கூடாதா என்று கூட்டம் உடைகிறது, ஹாங்க் ஒரு பக்கம், எரிக் ஒரு பக்கம். கூட்டம் எப்போதும் சரி என்று மூன்று வருஷம் பாடம் நடத்திய தொடரில் கூட்டமே இரண்டாகிறது, எனக்கு இந்த ஸ்கிரிப்டில் மிகவும் பிடித்த இடம் அதுதான். கடைசியில் சாவியை வீசுவதில்லை, அதற்குரிய பூட்டில் போட்டுத் திறக்கிறார்கள். வெஞ்சர் பழைய மனிதனாக மீள்கிறான். அவன் மாஸ்டரின் மகன் என்பது வெளிப்படையாகிறது. வீட்டுக்கு வாசல் திறக்கிறது. இனிப் போகலாம், அல்லது இங்கேயே இருந்து மிச்சத் தீமைகளோடு மோதலாம், முடிவு உங்களுடையது என்கிறார் மாஸ்டர். என்ன முடிவெடுத்தார்கள் என்று சொல்லாமலே ஸ்கிரிப்ட் முடிகிறது.

அதிலும் வியாபாரம் இருக்கிறது, கவனித்தீர்களா? நான்காவது சீசன் வந்தால் பிள்ளைகள் தங்கிவிட்டார்கள் என்று தொடரலாம், வராவிட்டால் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ரீவ்ஸ் இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் எழுதினார். வந்தது மூன்றாவது வழி, அந்த எபிசோடே எடுக்கப்படவில்லை. கடைசியாக ஒளிபரப்பான 'தி விண்ட்ஸ் ஆஃப் டார்க்னஸ்' மற்றதைப் போல ஒரு சாதாரண வாரம், முடிவு மாதிரியே இருக்காது. பல வருஷம் கழித்து ரீவ்ஸ் ஸ்கிரிப்டை இணையத்தில் போட்டார். 2006-ல் அமெரிக்காவில் வந்த டிவிடி தொகுப்பில் அதை ஒலி நாடகமாகவும் சேர்த்தார்கள், ஷீலாவுக்குக் குரல் கொடுத்த கேட்டி லீயே மறுபடி பேசியிருக்கிறார். ரீவ்ஸ் 2023-ல் காலமானார்.

இப்போது நரகக் கதைக்கு வருவோம். அந்த வதந்தி பெரிதாக வளர்ந்த மண் பிரேசில். அங்கே குளோபோ சேனலில் 1980களின் பிற்பாதியில் ஷூஷா நடத்திய பிள்ளைகள் நிகழ்ச்சியில் 'கவெர்னா டோ டிராகாவ்' என்ற பெயரில் இது வந்தது, டிராகனின் குகை என்று அர்த்தம். அங்கே டன்ஜன் மாஸ்டர் 'மந்திரவாதிகளின் குரு' ஆனார், வெஞ்சர் 'பழிவாங்குபவன்' ஆனான். அமெரிக்காவில் இரண்டரை வருஷத்தில் முடிந்தது, பிரேசிலில் தலைமுறை தாண்டி மறுபடி மறுபடி ஓடியது. வேலை விஷயமாக எனக்குப் பழக்கமான ஒரு பிரேசில்காரர், நாற்பதைத் தாண்டியவர், இந்தப் பேச்சு வந்ததும் கூட்டத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் யூனியைத் திட்டினார்.

ஏன் யூனியை? வதந்தியில் யூனிதான் வில்லி. பிள்ளைகள் ராட்டின விபத்தில் செத்து நரகத்துக்கு வந்துவிட்டார்கள், குருவும் பழிவாங்குபவனும் ஒரே சாத்தானின் இரண்டு முகம், வாசல் திறக்கும்போதெல்லாம் காரியத்தைக் கெடுக்கவே கூட அனுப்பப்பட்டது யூனி, ஐந்து தலை டியாமாட்தான் அவர்களுக்கு உண்மையைச் சொல்ல முயலும் தேவதை. நன்றாகக் கட்டிய கதை, அதை மறுக்க மாட்டேன். ஒவ்வொரு வாரமும் ஏன் வாசல் மூடுகிறது, மாஸ்டர் ஏன் நேராகப் பேசமாட்டேன் என்கிறார், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறது. ஆனால் எபிசோடுகளோடு ஒட்டாது. 'தி கேர்ல் ஹூ டிரீம்ட் டுமாரோ'வில் டெரி என்று நம் உலகத்துப் பெண் ஒருத்தி அங்கே வந்து, பாபியோடு பழகி, வீட்டுக்குத் திரும்பியும் போகிறாள். நரகத்தில் ஏது ரிட்டர்ன் டிக்கெட்? 'தி டைம் லாஸ்ட்'டில் வெஞ்சர் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானி ஒருவனைப் பிடித்துவந்து, நவீனப் போர்விமானத்தைக் கையில் கொடுத்துச் சரித்திரத்தையே மாற்றப் பார்க்கிறான், அப்படி மாறினால் இந்தப் பிள்ளைகள் பிறக்கவே மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. ஏற்கனவே செத்தவர்களைப் பிறக்காமல் செய்ய எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? ரீவ்ஸும் இந்த வதந்தியை வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார்.

பிள்ளைகள் வீடு திரும்பியதைப் படமாக எடுத்தும் காட்டியிருக்கிறார்கள், ஆனால் அது கார் விளம்பரம். 2019-ல் பிரேசிலில் ரெனோ க்விட் காருக்காக நிஜ நடிகர்களை வைத்து, அதே உடை, அதே ஆயுதம், வெஞ்சர், டியாமாட் எல்லாம் கிராஃபிக்ஸில், சினிமா தரத்தில் எடுத்தார்கள். காரில் ஏறித் தப்பித்து, வாசலைத் தாண்டி, பூங்காவுக்கே வந்து சேர்கிறார்கள். பிரேசிலில் அழுதவர்கள் உண்டு. க்விட் என்றால் நமக்கும் அந்நியமில்லை, 2015-ல் முதலில் இந்தியாவில்தான் இறங்கியது, நம் ஒரகடம் ஆலையில் உருளும் வண்டி. விளம்பரத்தில் ஓடுவது பிரேசிலிலேயே தயாரானதுதான், இருந்தாலும் அந்த வீடியோவைப் பார்த்தபோது, 34 வருஷமாக டன்ஜன் மாஸ்டரால் முடியாததைச் சாதித்தது நம்மூர்ச் சின்னக் காரா என்று சிரித்துவிட்டேன். 2023-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சினிமாவிலும் ஒரு புதிர்ப்பாதைப் போட்டிக் காட்சியில் இவர்கள் ஒரு சில நொடி வருவார்கள், பெரியவர்களாக, அதே உடையில். கண்ணை மூடித் திறந்தால் தவறவிட்டுவிடுவீர்கள்.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: 27-ஐயும் வரிசையாகப் பார்த்தால் ஆறாவதிலேயே அலுத்துவிடும், ஒரே அச்சு. 'குவெஸ்ட் ஆஃப் தி ஸ்கெலிட்டன் வாரியர்' பாருங்கள், அதில் ஒவ்வொரு பிள்ளையும் எதற்குப் பயப்படுகிறது என்பது தெரியும். அப்புறம் 'தி பாக்ஸ்', 'தி டிராகன்ஸ் கிரேவ்யார்ட்', 'தி டைம் லாஸ்ட்'. எரிக்குக்கு அதிகாரம் கிடைக்கிற எபிசோடின் பெயர் 'டே ஆஃப் தி டன்ஜன் மாஸ்டர்', அதைக் கடைசிக்கு முந்தியதாக வைத்துக்கொண்டு, பிறகு ரெக்வியம் ஸ்கிரிப்டைப் படியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார வைத்துப் பார்க்கலாம், பயப்படும்படி ஒன்றுமில்லை. எரிக் வாயைத் திறக்கும்போது அது யார் பக்கம் சேர்கிறது என்று மட்டும் கவனியுங்கள், என் அக்கா மகள் முதல் எபிசோடிலேயே அவன் கட்சிக்குப் போய்விட்டாள்.